ஆக்டோபஸின் வாய் நெற்றிக்குக் கீழே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் வண்ணம் தீட்டுவதற்காக வந்திருந்த ஆக்டோபஸ் படத்தைப் பார்த்தோம். உருண்டைத் தலை, அதன் நடுவே இரண்டு கண்கள், கண்ணுக்குக் கீழே வாய் நிறையச் சிரிப்பு, அதற்குக் கீழே எட்டுக் கால். பொம்மை, பள்ளிப்பை, தண்ணீர்ப் புட்டி எங்கும் இதே உருவம்தான். கேலிச்சித்திரமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கடல் உயிர்களைச் சொல்லித்தரும் எவருக்கும் தெரியும், முதல் நாளின் பாதி நேரம் இந்தச் சிரிப்பை அழிப்பதற்கே சரியாகிவிடும்.

உருண்டையாகத் தெரிவது தலையே அல்ல. குடல், செவுள், இதயங்கள், மைப்பை எல்லாம் அடங்கிய உடற்பை. அந்தப் பைக்கும் கைகளுக்கும் நடுவே உள்ள குறுகிய பகுதிதான் தலை. கண்கள் அங்கேதான் புடைத்து நிற்கும். வாய் எட்டுக் கைகளும் கூடும் இடத்தில், அடிப்பக்கத்தில், கிளிமூக்குப் போன்ற அலகோடு இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு படம், கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் தெரிய இன்னொரு படம் என்று இரண்டாக அச்சிட்டால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள். நிறத்தைப் பற்றி ஒரு குறிப்பும் வேண்டாம். நிமிடத்துக்கு நிமிடம் நிறம் மாறும் உயிருக்குப் பிள்ளைகள் எந்த வண்ணம் தீட்டினாலும் பெரிய தவறில்லை.

படத்தைவிடப் பொம்மை நல்லது. அதையும் வீட்டிலேயே செய்துவிடலாம். பெரியவர்கள் அணியும் பழைய காலுறை ஒன்று, பழைய பனியன் துணி, கொஞ்சம் பஞ்சு போதும். காலுறையின் விரல் பக்கத்தில் பஞ்சைத் தளர்வாக அடைத்து ஒரு நூலால் கட்டுங்கள். அது உடற்பை. கட்டுக்குக் கீழே 3 செ.மீ. அளவுக்கு விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். இது தலை. இரு பக்கமும் கண் வரைந்து, கருவிழியைப் படுக்கைக் கோடாகப் போடுங்கள். பொத்தான் தைக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். பனியன் துணியில் 60 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் நான்கு பட்டைகள் வெட்டி, நடுப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி நட்சத்திரம் போல அடுக்கித் தைத்தால் 30 செ.மீ. நீளமுள்ள எட்டுக் கைகள் கிடைக்கும். எட்டுத் தனித்தனிப் பட்டைகளைத் தைத்தால் பிள்ளைகள் இழுக்கிற இழுப்பில் ஒவ்வொன்றாகக் கழன்று வந்துவிடும். பட்டைகளின் மேல் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துணியைத் தையுங்கள். கைகளுக்கு இடையே உள்ள சவ்வு அது. அதன் நடுவில் தலையைப் பொருத்துங்கள். அடியில் நட்டநடுவே கறுப்புத் துணியில் இரண்டு முக்கோணங்கள், அவைதான் அலகு. கழுத்தோரம் 4 செ.மீ. உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகினால் நீர் பீய்ச்சும் குழாயும் ஆயிற்று.

நெய்த துணியை எடுத்தால் கைகள் விறைத்து நிற்கும், ஓரம் பிரியும்; பின்னல் துணிதான் துவண்டு விழும். பஞ்சை இறுக்கி அடைத்தால் பந்தாகிவிடும், பிறகு எலும்பில்லாத உடல் என்று சொன்னால் எந்தக் குழந்தையும் நம்பாது. ஒட்டுறிஞ்சிகளைக் கைகளின் அடிப்பக்கம் மட்டும் இரண்டு வரிசை வட்டங்களாக வரையச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரைந்துவிடுவார்கள். திருத்த வேண்டாம். பொம்மையை மேசைமேல் நடத்தச் சொல்லி, எந்தப் பக்கம் தரையைத் தொடுகிறது என்று கேட்டால் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். காகித நண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் சவ்வை விரித்து மூடி, உள்ளே அலகுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வேட்டையாடும் முறை அந்த ஓர் அசைவிலேயே புரிந்துவிடும்.

அடுத்த தொல்லை வியப்புச் செய்திகள். மூன்று இதயம், நீல இரத்தம், ஒன்பது மூளை என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆக்டோபஸைப் பற்றி எதுவும் தெரிந்ததாகச் சொல்ல முடியாது. ஒன்பது மூளை என்பதே மிகைப்பேச்சு. மூளை ஒன்றுதான். சாதாரண ஆக்டோபஸின் உடலில் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் பரவிக் கிடக்கிறது. அதனால் பாறை இடுக்கில் கை துழாவும்போது, அங்கே அகப்பட்டதைப் பற்றிய சில முடிவுகளை அந்தக் கையே எடுத்துக்கொள்கிறது.

இதைக் குழந்தைக்கு விளக்கப் பேச்சு வேண்டாம், அட்டைப்பெட்டி ஒன்று போதும். பக்கத்துக்கு ஒரு துளையாக இரண்டு கை நுழையும் துளைகள் போட்டு, உள்ளே ஈரப் பஞ்சு, வழுவழுப்பான கல், கிளிஞ்சல், கயிற்றுத் துண்டு, கரடுமுரடான மரத்துண்டு என ஐந்து பொருள்கள் வையுங்கள். பார்க்காமல் கையால் துழாவி, தின்னத்தக்கது எது, பாறை எது என்று பிரிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். ஐந்துக்கு மேல் பொருள் வைத்தால் சின்னக் குழந்தைகள் தடவுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆக்டோபஸ் இந்த விளையாட்டில் நம்மைவிட ஒரு படி மேலே. அதன் ஒட்டுறிஞ்சிகளுக்குத் தொடும்போதே சுவையும் தெரியும்.

ஒட்டுறிஞ்சிக்குச் சுவரில் ஒட்டும் ரப்பர் கொக்கிகள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், 4 செ.மீ. அளவு சரியாக இருக்கும். ஒன்றை உலர்ந்தபடியும் மற்றதை விளிம்பு நனைத்தும் கண்ணாடியில் அழுத்துங்கள். நனைத்தது வெகுநேரம் நிற்கும், விளிம்பின் சந்துகளை நீர் அடைத்துவிடுவதால். பிறகு சொரசொரப்பான சுவரில் அழுத்திப் பார்க்கட்டும், விழும். கண்ணாடியில் ஒட்டியதன் விளிம்பை நகத்தால் லேசாக நெம்பினால் காற்று புகுந்து உடனே கழலும். பிசின் இல்லை, உள்ளே அழுத்தம் குறைந்ததால்தான் ஒட்டுகிறது என்பதை ஆறு வயதுக் குழந்தை இதிலிருந்து பிடித்துக்கொள்ளும். சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பரிசோதனை தலைகீழாகிவிடும், முதலில் துடைத்துவிடுங்கள். ஆக்டோபஸின் ஒட்டுறிஞ்சி சொரசொரப்பான பாறையிலும் ஒட்டும். அதன் விளிம்பு ரப்பரைவிட மிக மென்மையானது, மேடுபள்ளங்களோடு படிந்துகொள்ளும்.

இந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும், தன் கையே தன் கையோடு ஒட்டிக்கொள்ளாதா என்று. 2014இல் வெளியான ஆய்வுதான் இதற்கு விடை சொன்னது. அதன் தோலில் உள்ள ஏதோ ஒரு வேதிப்பொருள், ஒட்டுறிஞ்சிகள் அந்தத் தோலைப் பற்றுவதைத் தடுக்கிறது. பெரிய அறிஞர்களே அண்மையில்தான் கண்டுபிடித்த விடை என்று சொல்லிப் பாருங்கள், கேட்ட குழந்தையின் முகம் எப்படி மாறுகிறது என்று.

நிறமாற்றத்தைக் காட்டப் பலரும் பலூனில் புள்ளி குத்தி ஊதிக் காட்டுவார்கள். அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வெடித்த பலூன் துண்டு எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மூச்சை அடைக்கும். மேலே இழுத்து மூடும் பட்டையுள்ள தெளிவான பிளாஸ்டிக் உறை, 10க்கு 15 செ.மீ. அளவில் ஒன்று எடுங்கள். நிறமற்ற சமையல் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி ஊற்றி, நீரில் கரைத்த பழுப்பு அல்லது சிவப்பு உணவு வண்ணத்தைச் சொட்டுக்குழாயால் ஏழெட்டுச் சொட்டு, தள்ளித் தள்ளி விடுங்கள். காற்றை வெளியேற்றி மூடி, மூடிய ஓரத்தில் ஒட்டுநாடா போட்டு, வெள்ளைத் தாளின்மேல் படுக்கவையுங்கள். எண்ணெயில் வண்ணம் சிறு உருண்டைகளாக நிற்கும். தெளிவான அளவுகோல் ஒன்றால் மெல்ல அழுத்தினால் ஒவ்வோர் உருண்டையும் தட்டையாகி விரியும். தாள் நிறம் மாறியது போலத் தெரியும். கையை எடுத்தால் மறுபடி புள்ளியாகும்.

ஆக்டோபஸின் தோலில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். நிறமி நிறைந்த நுண்ணிய பைகளைச் சுற்றி ஆரக்கால்கள் போலத் தசைகள் உள்ளன. தசை சுருங்கினால் பை இழுபட்டு விரியும், தளர்ந்தால் புள்ளியாக ஒடுங்கும். நரம்பு நேரடியாக ஆணையிடுவதால் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. உறையில் நாம் மேலிருந்து அழுத்துகிறோம், அங்கே பக்கவாட்டில் தசை இழுக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், யாரோ அழுத்தினால்தான் நிறம் மாறும் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். எண்ணெயில் கரையும் வண்ணத்தை வாங்கிவிட்டால் சொட்டு நிற்காது, உறை முழுவதும் ஒரே நிறமாகிவிடும். எண்ணெய் அதிகமானாலும் சொட்டு தட்டையாகாது. வேகமாக அழுத்தினால் சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், அப்போது உறையை நிமிர்த்தி ஆட்டாமல் புதிதாகச் செய்வதே எளிது. இத்தனை நிறம் காட்டும் விலங்குக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் கண் இல்லை என்பதுதான் ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. இதை ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் சொல்லுங்கள். சின்னவர்கள் கண்ணே தெரியாது என்று புரிந்துகொள்கிறார்கள்.

மூன்று இதயத்தை விளையாட்டாக்கலாம். ஆறு வயதுக்கு மேல், ஐந்து பேர் வேண்டும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் நீலம் என இருபது அட்டைகள். இரண்டு பிள்ளைகள் செவுள் இதயங்கள். உடலிலிருந்து வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு செவுளிடம் ஓடுவார்கள். செவுளாக நிற்கும் பிள்ளை அட்டையை நீலப் பக்கம் திருப்பித் தரும். மூன்றாவது இதயம் அதை வாங்கி உடலிடம் கொண்டுபோகும். அங்கே நிற்கும் ஐந்தாவது பிள்ளை அதைத் திரும்ப வெள்ளையாக்கும். ஆக்டோபஸின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது செம்பு கொண்ட புரதம். உயிர்வளி ஏறினால் நீலம், இறங்கினால் ஏறக்குறைய நிறமற்றது. ஆட்டம் சூடு பிடிக்கும்போது "நீந்து!" என்று கத்துங்கள். மூன்றாவது இதயம் அசையாமல் நின்றுவிட வேண்டும். நீந்தும்போது உண்மையிலேயே அது நின்றுபோகிறது. நீல அட்டைகள் ஒரு பக்கம் குவிய, உடலிடம் ஒன்றும் போய்ச் சேராது. ஆக்டோபஸ் ஏன் நீந்துவதைவிட ஊர்ந்து போவதையே விரும்புகிறது என்ற கேள்விக்குப் பிள்ளைகளிடமிருந்தே பதில் வரும்.

கடலின் ஆழத்துக்கு 11 மீட்டர் கயிறு ஒன்று. 1 செ.மீ. என்பது 10 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டு தரையில் நீளவாக்கில் விரியுங்கள். முடிச்சுப் போட்டால் நீளம் குறைந்துவிடும், வண்ண ஒட்டுநாடாதான் சரி. பொழுதுபோக்காக மூச்சுக்கருவியோடு மூழ்குவோரின் எல்லையான 40 மீட்டர், கயிற்றில் வெறும் 4 செ.மீ. தாவரங்கள் வளரப் போதுமான வெளிச்சம் 20 செ.மீ.க்குள் முடிந்துவிடும். 1 மீட்டரில் சூரிய ஒளி அறவே இல்லை. கூவியர் அலகுத் திமிங்கலம் மூழ்கியதாகப் பதிவான 2,992 மீட்டர், 3 மீட்டருக்குச் சற்று முன்னால். டைட்டானிக் கப்பல் 3.8 மீட்டரில் கிடக்கிறது. அங்கிருந்து வெகுதூரம் நடந்து ஏறக்குறைய 7 மீட்டரில் ஓர் ஆக்டோபஸை வையுங்கள். யானைக்காது போன்ற துடுப்புகள் கொண்ட டம்போ ஆக்டோபஸ், இந்தியப் பெருங்கடலின் ஜாவா அகழியில் 6,957 மீட்டர் ஆழத்தில் படமாக்கப்பட்டது. 2020இல் அந்தச் செய்தி வெளியானது. கயிற்றின் மறுநுனி மரியானா அகழி. பிள்ளைகள் கயிற்றோரமாக நடந்தே போகட்டும். முதல் 20 செ.மீ.யில் அடையாளங்கள் நெருக்கியடிப்பதும் மீதிக் கயிறு வெறுமையாக நீள்வதும் குறைபாடல்ல. அதைப் பார்க்கத்தான் இந்த வேலை.

மீன் காட்சியகத்துக்குப் போவதானால் உணவூட்டும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற நேரங்களில் ஆக்டோபஸ் பொந்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும். பிள்ளைகள் அரை நிமிடத்தில் அடுத்த தொட்டிக்கு ஓடிவிடுவார்கள். தொட்டியின் கீழ் மூலைகளையும் வெற்று நண்டு ஓடுகள் சிதறிய இடத்தையும் முதலில் தேடுங்கள். கண்ணாடியைத் தட்டுவதும் ஒளிவீச்சோடு படம் எடுப்பதும் கூடவே கூடாது. பிள்ளைகளுக்கு இரண்டு வேலை கொடுங்கள். உடற்பை விரிந்து சுருங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அதுதான் அதன் மூச்சு. உடல் எப்படிச் சாய்ந்தாலும் கண்ணின் கறுப்புப் பிளவு படுக்கையாகவே இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடிவிடும். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் எட்டு ஆட்டங்களின் முடிவைச் "சொன்ன" ஜெர்மனியின் பால் என்ற ஆக்டோபஸைப் பற்றிக் கேட்டால், கொடி ஒட்டிய இரண்டு பெட்டிகளிலும் உணவு இருந்தது, அது ஒன்றைத் திறந்து தின்றது என்று நடந்ததைச் சொல்லுங்கள். குறி சொல்லும் விலங்காக்கிவிட்டால் மற்ற எல்லாம் வீணாகும்.

கடற்கரைப் பாறைக்குட்டைகள் வேறு விஷயம். இங்கே கண்டிப்பு வேண்டும். நீர் மிகவும் வடியும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீர் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். மூடிய காலணி. ஐந்து வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். எந்த ஆக்டோபஸையும் தொடக் கூடாது. பசிபிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளில் வாழும் நீல வளைய ஆக்டோபஸ் உள்ளங்கையில் அடங்கும். சும்மா இருக்கும்போது மங்கிய பழுப்பாகத்தான் தெரியும், சீண்டினால்தான் நீல வளையங்கள் ஒளிரும். கடித்த வலிகூடத் தெரியாமல் போகலாம். டெட்ரோடாக்சின் நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கிவிடும். மாற்று மருந்து கிடையாது; நஞ்சு இறங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம். இந்த ஆக்டோபஸ் வெற்றுச் சிப்பிக்குள்ளும் ஒளிந்திருக்கும். ஆகவே குட்டைக்குள் கிடக்கும் சிப்பியைப் பிள்ளைகள் எடுக்கவே வேண்டாம். கூம்பு வடிவச் சங்கும் உயிரோடிருந்தால் கொட்டும். அதிலும் ஆளைக் கொல்லும் இனம் உண்டு.

கை வைக்காமல் பார்க்க ஒரு கருவி செய்துகொள்ளலாம். ஒரு லிட்டர் புட்டியின் இரு முனைகளையும் வெட்டி, வெட்டிய ஓரங்களில் ஒட்டுநாடா சுற்றி, ஒரு முனையில் தெளிவான பிளாஸ்டிக் தாளை இழுத்து ரப்பர் வளையம் போடுங்கள். அந்த முனையை நீரில் அமிழ்த்தினால் நீரின் அழுத்தத்தில் தாள் உள்வாங்கி, அடியில் உள்ளது சற்றுப் பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும். கல்லைப் புரட்டினால் அடுத்த நிமிடமே முன்பு இருந்தபடியே திருப்பி வைத்துவிட வேண்டும். அதன் அடிப்பக்கத்தில் ஒட்டி வாழ்பவை வெயிலில் காய்ந்து சாகும்.

தாய் ஆக்டோபஸ் முட்டைகளைக் காத்துவிட்டு இறந்துபோவதைப் பலர் பிள்ளைகளிடம் மறைக்கிறார்கள், அல்லது தாயின் தியாகம் என்று உருகுகிறார்கள். இரண்டும் வேண்டாம். முட்டைகளின்மேல் நீரைப் பீய்ச்சிச் சுத்தமாக வைத்திருக்கும், அந்தக் காலத்தில் சாப்பிடாது, குஞ்சு பொரிக்கும் வேளையில் இறந்துவிடும். கலிபோர்னியாவின் மான்டரே கடற்பள்ளத்தில் ஓர் ஆழ்கடல் ஆக்டோபஸ் 53 மாதங்கள் அடைகாத்தது பதிவாகியிருக்கிறது. "தூங்கிவிட்டது" என்று சொன்னால் குழந்தை இரவில் தூங்கப் பயப்படும். இறந்துவிடும் என்றே சொல்லுங்கள். ஆணும் இனச்சேர்க்கைக்குப் பின் அதிக நாள் வாழ்வதில்லை என்பதையும், மனிதத் தாய்மார் அப்படி அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். நான்கு வயதுக் குழந்தை கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் கேள்வி இந்த இரண்டாவதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு, வீட்டில் ஒன்று வளர்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். அலகு நுழையும் சந்து இருந்தால் முழு உடலும் நுழைந்துவிடும். 2016இல் நியூசிலாந்தின் நேப்பியர் காட்சியகத்திலிருந்து இன்க்கி என்ற ஆக்டோபஸ் தரையைக் கடந்து, சுமார் 50 மீட்டர் நீள வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. நீரில் செம்பு சிறிதளவு கலந்தாலும் அதற்கு ஆபத்து, மீன் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. சிறிய தொட்டியில் மை விட்டால் அந்த மையே அதன் செவுளை அடைக்கும். எல்லாம் சரியாகச் செய்தாலும் சாதாரண ஆக்டோபஸின் ஆயுளே ஒன்றிரண்டு ஆண்டுகள்தான். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை, அவற்றின் ஆயுளில் எவ்வளவு கழிந்ததென்று விற்பவருக்கும் தெரியாது. கேட்கும் பிள்ளையிடம் காட்சியகத்தின் அடுத்த உணவூட்டும் நாளைச் சொல்லி, சொன்னபடி அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்குக் கடலுயிரியல் சொல்லித்தரும் ஆசிரியர்கள் சிலர்